கணுவில் தொங்கும் வெள்ளை நூல்

மீன்தொட்டியில் செடி நட்டுச் சில வாரம் போனதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். மணலுக்கு மேலே, தண்டின் நடுவில், வெள்ளை நூல் மாதிரி ஏதோ தொங்குகிறதே, பூஞ்சையா, நோயா? பயந்துபோய்ச் செடியையே பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அது வெறும் வேர்தான்.

தரைச் செடி தண்ணீருக்கும் சத்துக்கும் மண்ணையே நம்பியிருக்கிறது. தொட்டிச் செடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரேட்டும் தண்ணீரிலேயே கரைந்திருக்கின்றன. இலையும் உறிஞ்சும், கணுவில் விட்ட வேரும் உறிஞ்சும். அடியில் சத்தில்லாத ஜல்லி மட்டும் கிடந்தால் இந்த வேரின் உதவி இன்னும் தேவைப்படுகிறது.

பசி மட்டுமே காரணம் இல்லை. மூழ்கிய தண்டுக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும். அது கணுவில் வேரைத் தூண்டிவிடும். நெல்லில் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். வெள்ளம் சூழ்ந்த வயலில் நெற்பயிரின் கணுக்களில் வேர் விடுவதும் இதனால்தான்.

தண்டு ஒடிந்தாலும் பிழைக்க இந்த வேர் கைகொடுக்கிறது. இதற்கு உதாரணம், நம் நீர்முள்ளியின் உறவுக்காரச் செடி ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா. தொட்டி வளர்ப்போருக்குச் செல்லப்பிள்ளை. பலவகைத் தண்ணீரிலும் வளரும். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாக வளரும் இது, மீன்தொட்டிச் செடியாக அமெரிக்கா போய் ஃபுளோரிடாவின் கால்வாய்களை அடைத்துக்கொண்டது. ஒடிந்த துண்டு மிதந்து ஒதுங்கும் இடத்தில் கணுவிலிருந்து வேர்விட்டுவிடும். களையெடுக்கும் இயந்திரம் நறுக்கிப் போட்டால் துண்டுகள் பெருகுமே தவிர, செடி குறையாது. அமெரிக்க அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

தொட்டியில் அதே குணம் வசதியாகிறது. வேர்விட்ட கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணலில் செருகினால் புதுச் செடி தயார். ஆனால் கணுவில் வேர் விடுவதோடு அடி இலைகளும் பழுத்து உதிர்ந்தால், வெளிச்சம் கீழே எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்னும் தொட்டிச் செடிகளின் கதை வேறு. ஆப்பிரிக்க ஓடைகளில் கல்லையும் கட்டையையும் பற்றி வளர்வது அனுபியாஸ். இவற்றின் வேர் வெளியே தெரிவதுதான் முறை. அழகு கெடுகிறதென்று கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கல்லில் கட்டிவைத்தால் போதும், வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணை உறுத்தும் நீள வேரைக் கத்தரித்தாலும் செடிக்குக் கேடில்லை. கொஞ்ச நாளில் மறுபடி விட்டுவிடும்.