மண்ணுக்கு ஒரு வாளித் தேநீர்

பலாவும் கமுகும் மிளகுக்கொடியும் நிழல் செய்யும் வீட்டுத் தோட்டங்கள் மடவளைக்கும் கண்டியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களுக்கும் தனி அழகு. ஆயினும், சரிவான நிலத்திற் பெய்யும் மழை மேல்மண்ணையும் அதன் சத்தையும் அடித்துச் செல்கின்றது. இழந்ததை மண்ணுக்கு மீட்டளிப்பது நம் கடனன்றோ?

பசளையின் அருமையை 2021ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஈடுசெய்யப் போதிய கூட்டெரு நாட்டில் இருக்கவில்லை. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றின. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. கூட்டெருவைக் கட்டளையிட்டு ஒரு நாளில் உண்டாக்க இயலாது. அது பொறுமையாற் கனிவது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய அல்பேர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கில அறிஞர், செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் நல்லெரு பெறும் முறையை வகுத்தார். சருகும் காய்கறித் தோலும் கொண்டு நம் கொல்லையிலும் அதனைச் செய்யலாம்.

எரு கரிய நிறமும் மண்மணமும் பெற்றபின், இரண்டு கிலோ அளவைச் சாக்குத் துணியிற் கட்டிப் பத்து லீற்றர் நீரில் ஒரு நாள் அமிழ்த்துக. மழைநீர் நன்று, குழாய்நீராயின் முதல்நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். அடிக்கடி கலக்குதல் அவசியம். ஊறிய சாற்றை இளஞ்சாயத் தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்து, அன்றே மாலையில் செடிகளின் அடியில் ஊற்றுக. துர்நாற்றம் வீசினால் அதனை எருக்குவியலிலேயே கொட்டிவிடுக. பச்சையாக உண்ணும் வல்லாரை முதலிய கீரைகளின்மேல் தெளித்தலாகாது. நோய்க்கிருமிகள் எஞ்சியிருத்தல் கூடும். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

இச்சாறு நீரிற் கரையும் சத்துக்களைச் சிறிதளவும் நுண்ணுயிர்களையும் வேருக்குக் கொண்டு செல்லும். ஆனால், ஈரத்தைத் தாங்கி மண்ணைப் பிணிக்கும் ஆற்றல் சக்கையிலேதான் உள்ளது. ஆதலின் சக்கையையும் பாத்தியில் இடுதல் வேண்டும். சாறு மண்ணுக்குப் பானம், எருவே உணவு.

மாணவச் செல்வங்களே! ஒரே வகை மண்ணில் இரு மிளகாய்ச் செடிகளை நட்டு, ஒன்றிற்கு இச்சாற்றையும் மற்றொன்றிற்கு அதே அளவு வெறும் நீரையும் ஊற்றி, வாரந்தோறும் உயரத்தையும் இலைகளையும் குறித்து வாருங்கள். நாம் கூறுவதை நம்புவதினும், உங்கள் குறிப்பேடு கூறுவதை நம்புவதே சிறப்பு.