அடிமைமுறையும் சட்டமும்: அமெரிக்க உள்நாட்டுப் போரும் சென்னை மாகாணத்தில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமும்

முன்னுரை

அடிமை உரிமை பற்றிய வழக்கு தமிழ் மரபுக்குப் புதியதன்று. சுந்தரர் தமக்கு அடிமை எனக் கூறி, ஆளோலையைச் சான்றாகக் காட்டித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய வேதியர் ஒருவர் வழக்காடி வென்றதைப் பெரியபுராணம் உரைக்கிறது. வேதியராய் வந்தவர் இறைவனே. ஆயினும் ஒருவரை உடைமையாகக் கொள்ள ஆவணமும், அவ்வாவணத்தை ஏற்கும் அவையும் வேண்டும் என்னும் நடைமுறை அதனுள் புலப்படுகிறது. கோயில்களுக்கு ஆட்கள் விற்கப்பட்டமையைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இவ்வுரிமை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கேள்விக்குள்ளாயிற்று. அங்கே அது போரில் முடிந்தது. சென்னை மாகாணத்தில் போரின்றிச் சட்டமாயிற்று. இவ்வேறுபாட்டின் காரணத்தையும் விளைவையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கா: பூசல் போரானமை

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, தப்பியோடிய அடிமையை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நாடு மேற்கு நோக்கி விரிந்தபோது, புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்னும் சிக்கல் எழுந்தது. 1820இன் மிசௌரி உடன்பாடு எல்லைக்கோடு ஒன்றை வகுத்து அதனைத் தற்காலிகமாகத் தணித்தது. 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் பணியில் வட மாநிலத்தாரையும் பங்குகொள்ளச் செய்தது. 1854இன் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் எல்லைக்கோட்டை அகற்றி, முடிவைக் குடியேறிகளிடம் விட்டமையால் கான்சாஸில் குருதி சிந்தியது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்சநீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆகார் எனவும், அந்நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் இல்லை எனவும் தீர்ப்பளித்தது. இதனால் சமரசத்திற்கான சட்டவழி அடைபட்டது. 1860இல் லிங்கன் வெற்றி பெற்றதும், அவர் பதவியேற்கும் முன்பே ஏழு தென் மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரலில் போர் மூண்டது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

சென்னை மாகாணம்: நீதிமன்றம் விலகியமை

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிக்கு விலக்களித்தது. இந்தியச் சட்ட ஆணையம் 1841இல் அறிக்கை அளித்த பின்னரே 1843இன் ஐந்தாம் சட்டம் இயற்றப்பட்டது. அடிமை என்னும் பெயரால் எவரையும் வரிப்பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ அதிகாரிகள் விற்கலாகாது; மனிதரை உடைமையாகக் கொள்ளும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டலாகாது; அடிமை எனக் கூறி ஒருவர் ஈட்டிய பொருளைப் பறிக்கலாகாது; சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாவது, அடிமை எனப்படுபவருக்கு இழைத்தாலும் குற்றமே. இவையே அதன் நான்கு பிரிவுகள் கூறுவன.

இச்சட்டம் ஆளோலையைச் செல்லாததாக்கியது. ஆனால் எவரையும் விடுதலை செய்ததாக அறிவிக்கவில்லை. விடுதலை பெற்றோர் பட்டியல் இல்லை; உரிமையாளருக்கு இழப்பீடும் இல்லை.

போர் மூளாமைக்கான காரணங்கள்

அமெரிக்கத் தென்மாநில உரிமையாளருக்குச் சட்டமன்றமும் படையும் இருந்தன. தஞ்சை, செங்கல்பட்டு மிராசுதாரருக்கு அத்தகைய அரசியல் அதிகாரம் இல்லை. ஆயினும் அவர்களது நிலவரியை நம்பியிருந்த கம்பெனி, அவர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. இதனினும் முதன்மையான காரணம் மற்றொன்று. படியாளையும் பண்ணையாளையும் நிலத்தோடு பிணைத்தவை ஓலை மட்டுமல்ல. கடனும், குடியிருந்த மனையும், சாதிக் கட்டுப்பாடும் ஆகும். எனவே நீதிமன்றம் விலகியபோது உரிமையாளர் இழந்தது சிறிதே. போரிட்டுக் காக்க வேண்டிய அளவுக்கு அவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை.

பின்விளைவுகள்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாயின. எனினும் அதற்கு முன்பே, 1859இன் பதிமூன்றாம் சட்டம், முன்பணம் பெற்று வேலைசெய்ய மறுக்கும் தொழிலாளரைச் சிறையிலிட வழிவகுத்திருந்தது. ஆளோலை நீங்கிய இடத்தில் கடன்சீட்டு அமர்ந்தது எனலாம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, பறையர் குடியிருந்த மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தமையையும், கடனால் அவர்கள் கட்டுண்டிருந்தமையையும் எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையின்வழி வழங்கப்பட்ட நிலமே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பட்டது.

முடிவுரை

அமெரிக்காவில் போருக்குப் பின்னும் விடுதலை பெற்றோர்க்கு நிலம் கிட்டவில்லை; வாரச் சாகுபடியும் கடனும் அவர்களைப் பிணித்தன. ஆகவே, போர் நிகழ்ந்த நாடும் நிகழாத நாடும் ஒரே இடத்தில் தடுமாறியமை புலனாகிறது. தஞ்சையில் பிறந்து, தம் இறுதிக்காலத்தை டி. கல்லுப்பட்டி காந்திநிகேதனில் கழித்த ஜே.சி. குமரப்பா தலைமையேற்ற காங்கிரசு வேளாண் சீர்திருத்தக் குழு, உழுபவருக்கே நிலம் என 1949இல் பரிந்துரைத்தது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனை நீக்கியதோடு, விடுவிக்கப்பட்டவரை மனையிலிருந்து வெளியேற்றுவதையும் தடுத்தது. 1843இல் சட்டம் தொடாமல் விட்ட கடனையும் மனையையும் தொடுவதற்கு 133 ஆண்டுகள் ஆயின. உரிமையாளரின் ஆவணத்தைச் செல்லாததாக்குவது விடுதலையின் தொடக்கம் மட்டுமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.