திரைமாயமும் சிறுவர் உள்ளமும்

திரையிற் கண்ட கோட்டை வெறும் மாதிரியுருவமே என்று அறியும் குழந்தை ஏமாற்றமடையுமா, வியப்படையுமா? பிள்ளைகளைப் படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலிற் சிந்திக்க வேண்டியது இதுவே.

இலண்டனுக்கு வடமேற்கே லீவ்ஸ்டனில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்கள் கட்டப்பட்ட தொழிற்சாலை வளாகத்திலேயே ஹரி பொட்டர் திரைப்படங்கள் உருவாயின. 2012 இல் அங்கே பொதுமக்களுக்கான காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. வாயிலில் நுழைவுச்சீட்டு விற்கப்படுவதில்லை. முன்கூட்டியே பெறல் வேண்டும். சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரமேனும் செல்லுமாதலின், பசியாற்றி, நடைக்கேற்ற பாதணி அணிவித்துச் சிறுவரை அழைத்துச் செல்லல் நலம். படங்களை முன்னரே பார்த்த பிள்ளைக்கே அங்குள்ள பொருள்கள் கதை சொல்லும். மிக இளையோர் இருண்ட காட்டையும் அதிலுள்ள பெருஞ்சிலந்தியையும் கண்டு அஞ்சக்கூடும். அவை மனிதர் செய்தவையே என்று முன்னரே கூறிவைத்தல் வேண்டும்.

இறுதியிற் காண்பது ஹொக்வார்ட்ஸ் கோட்டையின் மாதிரி. கதையிற் கூறும் அளவின் 24 இல் ஒரு பங்கு. “எல்லாம் பொய்” என்று பெற்றோர் கூறிவிடின் வியப்பு அக்கணமே மாய்ந்துவிடும். “இதனைச் செய்த கைகள் எத்தனையோ!” என்று காட்டுவாராயின், மாயத்தை இழந்த குழந்தை மனித உழைப்பின் அருமையைக் கண்டுகொள்ளும்.