நெல் இலைக்குள் ஒரு காவல்காரர்!



குச்சனூருக்குப் போனால் சனீஸ்வரரை வணங்கிவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். பக்கத்து வயலில் நெல் இலைகளைக் கூர்ந்து பாருங்கள். நடுவில் சாம்பல் நிறத்தோடு, கண் வடிவத்தில் புள்ளிகள் தெரிகின்றனவா? அதுதான் குலைநோய். ஒரு பூஞ்சையின் வேலை! கதிரின் கழுத்தைப் பிடித்தால் நெல்லெல்லாம் பதராகிவிடும். 1919ல் தஞ்சைப் பகுதியைக் கலங்கடித்த நோய் இது.

நெல்லுக்கு ஓடத் தெரியாது. நம்மைப்போல வெள்ளை அணுக்களும் கிடையாது. ஆனால், சில ரகங்களில் நோய் எதிர்ப்பு ஜீன்கள் உண்டு. அவை உருவாக்கும் புரதம் செல்லுக்குள் காவல் நிற்கும். இலையை ஏமாற்றப் பூஞ்சை சில பொருள்களை உள்ளே அனுப்பும். அவற்றில் ஒன்றைக் காவல்காரர் அடையாளம் கண்டால் போதும், பூஞ்சை நுழைந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்! தொடக்கத்தில் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் சாப்பாடு. அது கிடைக்காமல் அங்கேயே முடங்கிவிடும். இலையில் மிஞ்சுவது குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி மட்டும்.

வியட்நாம் நெல்லான 'டெடெப்'பில் பிஐ54 என்ற ஜீன் இருக்கிறது. அதையும் இன்னொரு ஜீனையும் ஒட்டுக்கலப்பின் மூலம் சேர்த்து, 2021ல் 'பூசா பாசுமதி 1847' வெளியானது. ஏன் இரண்டு? பூஞ்சை பொல்லாதது, வேஷம் மாற்றி வந்து ஒரு காவல்காரரை ஏமாற்றிவிடும்!