போர்வெல் தண்ணீரில் டீசல் வாடை வந்தால்? பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் டேங்க்குகளை யார் கண்காணிக்கிறார்கள்?

கள்ளிக்குப்பம் மாதிரியான அம்பத்தூர் பகுதிகளில் தெருவுக்குத் தெரு போர்வெல் இருக்கும். அப்பார்ட்மென்ட் என்றால் கூடவே ஒரு டீசல் ஜெனரேட்டர். மெயின் ரோட்டுக்கு வந்தால் பெட்ரோல் பங்க். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பாய்லர் ஓடும் தொழிற்சாலைகள். நாம் குடிக்க, குளிக்க எடுக்கும் தண்ணீரும், இவர்கள் சேமித்து வைக்கும் எண்ணெயும் ஒரே மண்ணைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எண்ணெய் கசிந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குத்தான்.

தண்டையார்பேட்டையில் என்ன நடந்தது?

2013-ல் வடசென்னை தண்டையார்பேட்டையின் டி.எச். ரோடு பகுதியில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெயும் வர ஆரம்பித்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் பூமிக்கடிக் குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே கசிந்தது குழாய், டேங்க் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: கசிவை அங்கே வாழ்ந்த மக்கள் தங்கள் தண்ணீரில்தான் பார்த்தார்கள். குழாயை மாற்றிவிடலாம், மண்ணில் இறங்கிய எண்ணெயை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது.

கொஞ்சம் கசிந்தால் என்ன ஆகிவிடும்?

இந்தியக் குடிநீர் தரமான ஐ.எஸ். 10500 படி, ஒரு லிட்டர் தண்ணீரில் மினரல் ஆயில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். கணக்குப் போட்டால், அந்த ஒரு லிட்டர் சுமார் 16 லட்சம் லிட்டர் தண்ணீரை இந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். நிஜத்தில் எண்ணெய் இப்படி முழுசாகக் கலக்காது. மண்ணில் ஒட்டும், நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதனால்தான் அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 1934-ம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம். இதை அமல்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ என்ற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை வைத்து இந்தச் சட்டம் மூன்று வகையாகப் பிரிக்கிறது.

ஏ வகை: பெட்ரோல் போன்றவை. கட்டுப்பாடு அதிகம்.

பி வகை: டீசல் போன்றவை. ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்த ஒரு கொள்கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஜெனரேட்டர் ரூமில் அடிக்கடி 990 லிட்டர் டேங்க்கைப் பார்க்கிறோமே, அதன் ரகசியம் இதுதான்.

சி வகை: பாய்லர், உலைகளுக்குப் போகும் ஃபர்னஸ் ஆயில் போன்றவை. விதிகளின்படி வைத்திருந்தால் 45,000 லிட்டர் வரை லைசென்ஸே வேண்டாம்!

தீ விபத்து என்ற கண்ணோட்டத்தில் இது நியாயம்தான். ஃபர்னஸ் ஆயில் சட்டென்று பற்றாது. ஆனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது எத்தனை டிகிரியில் தீப்பிடிக்கும் என்பது முக்கியமே இல்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் பங்க் மட்டும் எப்படி?

அங்கே நிலைமை பரவாயில்லை. லைசென்ஸ் உண்டு. தினமும் ‘டிப்’ பார்த்து, டேங்க்கில் இருக்கும் அளவையும் விற்ற அளவையும் ஒப்பிடுவார்கள். கணக்கு உதைத்தால் சந்தேகம் வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்க்குகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதிகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றது. நிலத்தடி நீர் பாதுகாப்பும் அதில் உண்டு. ஆனால் சொந்த உபயோகத்துக்காக எண்ணெய் வைத்திருக்கும் சின்ன டேங்க்குகள் இந்த வலைக்குள் வராது.

வெளிநாட்டில்?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைத் தோட்டத்தில் புதைத்த டேங்க்கில் வைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்கா 1988-ல் பூமிக்கடி டேங்க்குகளுக்குக் கடுமையான விதி போட்டு, பழையவற்றைச் சரிசெய்ய 1998 வரை அவகாசம் கொடுத்தது. அங்கே இதுவரை உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். ஆனால் அதே இடத்தில் எரிப்பதற்காக வைத்திருக்கும் ஹீட்டிங் ஆயில் டேங்க்குகளுக்கு அந்தத் தேசிய விதியிலும் விலக்கு! சொந்த உபயோகம் என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை.

அப்போ, கசிந்தால் கேட்க ஆளே இல்லையா?

இருக்கிறது. 1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 24-வது பிரிவு: தெரிந்தே மாசுப்பொருளைக் கிணற்றிலோ நிலத்திலோ விடக் கூடாது. 31-வது பிரிவு: விபத்தாகக் கசிந்து தண்ணீர் கெட்டாலும், இடத்தின் பொறுப்பாளர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே சொல்ல வேண்டும். ஆனால் இரண்டுமே கசிந்த பிறகுதான் கைகொடுக்கும். கசியாமல் தடுக்க, முதலில் எந்த இடத்தில் எந்த டேங்க் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். அளவு சிறிதானாலும் பெரிதானாலும், பூமிக்கடியில் புதைத்த ஒவ்வொரு எண்ணெய் டேங்க்கும் பதிவாக வேண்டும். அதன் வயசும் சோதனைத் தேதியும் பதிவில் இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அசோசியேஷன் மீட்டிங்கில் கேளுங்கள்: நம்ம டீசல் டேங்க் தரைக்கு மேலேயா, கீழேயா? சுற்றிலும் தொட்டிச்சுவர் இருக்கிறதா? ஜெனரேட்டர் ஓடிய நேரத்தையும் டீசல் அளவையும் யாராவது எழுதி வைக்கிறார்களா?

போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வாடையோ, வானவில் மாதிரிப் படலமோ தெரிந்தால் மோட்டாரைப் போடாதீர்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். கொதிக்க வைத்தால் எண்ணெய் போகாது. தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அம்பத்தூர் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். லேபில் கொடுக்கும்போது, ‘மினரல் ஆயில்’ டெஸ்ட் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வழக்கமான உப்பு, கடினத்தன்மை டெஸ்ட்டில் இது தெரியாது.