கோஹன் என்னும் குடும்பப் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன்பு அகமதாபாத் நகரில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. செங்கல்லால் எழுப்பிய நெடுஞ்சுவர்கள். அவற்றில் வட்டவட்டமாகத் திறந்த பெரிய இடைவெளிகள். வெயிலும் நிழலும் மாறிமாறி விழும் நடைகள். "இவற்றை வரைந்து தந்தவர் லூயி கான் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்" என்று உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் கூறினேன். "கான் என்கிறீர்களே, அவர் முஸ்லிமா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

கேள்வியில் பிழையில்லை. தமிழெழுத்தில் இரு பெயர்களும் ஒன்றாகவே நிற்கின்றன. ஆயினும் நாம் நன்கறிந்த கான், நடு ஆசியப் புல்வெளிகளில் தலைவனைக் குறித்த பட்டம். லூயி கானின் பெயரோ எபிரேயச் சொல் ஒன்றின் ஜெர்மானிய வடிவம். 'கோஹன்' என்பதே அச்சொல். யூத மக்களிடையே மிகப் பரவலாக வழங்கும் அப்பெயரைப் பற்றி, மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

கோஹன் என்றால் ஆலயப் பணி செய்யும் குரு என்று பொருள். மோசேயின் தமையனாகிய ஆரோனும் அவருடைய ஆண்மக்களும் இப்பணிக்கெனத் தனியே பிரித்து வைக்கப்பட்டனர் என்று விவிலியம் கூறுகிறது. எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்துவதும், தூபமிடுவதும், விளக்கேற்றுவதும், மக்களுக்கு ஆசி கூறுவதும் அவர்தம் கடமைகள். அவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும். கல்வியாலோ செல்வத்தாலோ அதனைப் பெற இயலாது.

கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமானியப் படை எருசலேமைக் கைப்பற்றி ஆலயத்தை எரித்தது. அது மீண்டும் எழவேயில்லை. ஒரு பணிக்குரிய இடமே அழிந்துவிட்டால், பணியாளர் கூட்டமும் சில தலைமுறைகளில் கலைந்துபோவதுதான் உலகில் நாம் காண்பது. கோஹன்கள் கலையவில்லை. பலிபீடம் இல்லை, தூபம் இல்லை; எஞ்சியவை சில வழக்கங்களே. தொழுகைக் கூடத்தில் வேதச் சுருளைப் படிக்கும்போது முதலில் அழைக்கப்படுபவர் கோஹன். தலைமகன் பிறந்த வீட்டில் அக்குழந்தையை மீட்பதற்காக ஐந்து வெள்ளிக் காசுகளைப் பெற்றுக்கொள்பவரும் அவரே. உரிமைக்கேற்பத் தடைகளும் உண்டு. நெருங்கிய உறவினர் இறந்தாலன்றி அவர் இடுகாட்டிற்குள் செல்லலாகாது. மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணக்கலாகாது. இவ்விதிகளைப் பேணும் குடும்பங்கள் இன்றும் பல உள்ளன.

எல்லாவற்றினும் சிறந்தது ஆசி கூறும் சடங்கு. இரு கைகளையும் தோளளவு உயர்த்தி, விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவே பிரித்துவைத்துக் கோஹன் ஆசி கூறுவார். கேட்போர் அப்போது அவரை நேரே நோக்குவதில்லை. கோஹன் ஒருவரின் கல்லறையில் இந்த இரு கைகளையே செதுக்கிவைப்பது பழைய வழக்கம். ஐரோப்பாவின் யூத இடுகாடுகளில் பெயரைப் படிக்க அறியாதவரும் அக்கைகளைக் கண்டு, இங்கே துயில்பவர் இன்ன மரபினர் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இவ்வளவு காலமும் கோஹன் என்பது குடும்பப் பெயராக இருந்ததென்று கருதிவிடாதீர்கள். அது ஒருவர் பெயரின் பின்னே நிற்கும் பட்டமாகவே பெரும்பாலும் வழங்கிற்று. தந்தையின் பெயரைச் சொல்லி இன்னார் மகன் இன்னார் என்று வழங்குவதே யூதர் முறை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த யூதரிடையே குடும்பப் பெயர்கள் முன்னரே வழக்கில் இருந்தன. நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை.

அதனைக் கொணர்ந்தது அரசாங்கம். வரி வாங்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், வழக்குகளைப் பதிவு செய்யவும் தலைமுறைதோறும் மாறாத பெயர் வேண்டியிருந்தது. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பு, தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் யாவரும் குடும்பப் பெயர் பூண வேண்டுமென ஆணையிட்டார். ருஷ்யாவில் 1804இலும், நெப்போலியன் ஆட்சியில் 1808இலும், பிரஷ்யாவில் 1812இலும் இத்தகைய சட்டங்கள் பிறந்தன. பலர் ஊர்ப் பெயரையோ தொழிற் பெயரையோ தேடி எடுத்துக்கொண்டனர். ஆரோனின் மரபினர்க்கோ தேட வேண்டிய தேவையில்லை. பெயர் பட்டமாக முன்பே அவர்களிடம் இருந்தது.

அதன்பின் அச்சொல் நாட்டுக்கொரு வேடம் புனைந்தது. ஜெர்மன் மொழியில் கோன், கான் என்றாயிற்று. ருஷ்ய மொழியில் 'ஹ' ஒலி இல்லாமையால் கோகன், ககன் என்றாயிற்று. சிலர் தம் மொழிப் பெயரை விடுத்து, கிறித்தவ குருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கப்ளான்' என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். 'கட்ஸ்' என்னும் பெயரைக் கேட்பவர்க்கு அதிற் கோஹன் இருப்பதே தெரியாது. நேர்மையின் குரு எனப் பொருள்படும் 'கோஹன் ட்செதெக்' என்ற இரு சொற்களின் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த சுருக்கம் அது. 1997இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற குளோத் கோஹன்-தனூஜி அல்ஜீரியாவிற் பிறந்தவர். அவர் பெயரின் பின்பாதி, மொராக்கோவிலுள்ள தாஞ்சியர் நகரைச் சுட்டுவது. ஸ்பெயினிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தின் வழிப்பயணம் அப்பெயருள் அடங்கியிருக்கிறது.

இஸ்ரேல் நாட்டில் இன்று மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் கோஹன்தான். அதன் காரணம் தெளிவானது. ஊரடியாகப் பிறந்த பெயர் அவ்வூராரோடு நிற்கும். கோஹன் என்பதோ எந்த ஊரையும் சார்ந்ததன்று; யூதர் எங்கெல்லாம் தொழுதார்களோ அங்கெல்லாம் இருந்தது. மொராக்கோவிலிருந்து வந்தவரும், யேமனிலிருந்து வந்தவரும், போலந்திலிருந்து வந்தவரும் தத்தம் மூட்டையில் அதே பெயரைக் கொண்டுவந்தனர். நம் நாட்டிற்கும் அது வந்ததுண்டு. கல்கத்தாவின் யூத சமுதாயத்தைத் தொடங்கிவைத்த வணிகர், 1798இல் அங்குக் குடியேறிய, சிரியாவின் அலெப்போ நகரத்து ஷாலோம் கோஹன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பெயர் இருப்பவரெல்லாம் குரு மரபினர் அல்லர்; குரு மரபினர்க்கெல்லாம் இப்பெயர் இருப்பதும் இல்லை. லூயி கானையே பாருங்கள். அவர் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் ஷ்முயிலோவ்ஸ்கி. அன்றைய ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த எஸ்தோனியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பின்னரே குடும்பம் 'கான்' ஆயிற்று. ஆக, என் மாணவர் எண்ணிய கானும் அவர் அல்லர். பிறவியால் வந்த கானும் அல்லர். அறிவியலாரும் இம்மரபை ஆராய்ந்துள்ளனர். தந்தைவழியே மகனுக்குச் செல்லும் ஒய் நிறப்புரியை ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், தொலைவான நாடுகளைச் சேர்ந்த கோஹன்களிடையேயும் நெருங்கிய ஒற்றுமை புலனாயிற்று. பின்வந்த ஆய்வுகள் ஒன்றுக்கு மேற்பட்ட மூதாதையர் வழிகளைக் காட்டின. ஒரே மனிதரின் வழித்தோன்றல் யாவரும் என்பதை ஆய்வுக்கூடம் மெய்ப்பிக்கவில்லை. பழைய மரபு வெறுங்கதை என்று தள்ளவும் இல்லை.

ஒருவரை எளிதில் அடையாளம் காட்டும் பெயர், பகைவனுக்கும் எளிதில் அடையாளம் காட்டிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் 'சின்னக் கோன்' என்று எள்ளும் பாட்டு ஒன்று நகரெங்கும் முணுமுணுக்கப்பட்டது. 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. யூதரென உடனே தெரியாத முதற்பெயர் உடைய யூத ஆடவர் 'இஸ்ரயேல்' என்றும், பெண்டிர் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் பூண வேண்டும். ஒரு காலத்தில் வரிக்காகப் பெயர் கேட்ட அரசாங்கம், இப்போது வேட்டைக்காகப் பெயர் சூட்டிற்று. 'கோன்' என்ற பெயருடையார்க்கோ அக்குறி முன்பே இருந்தது.

வியன்னாவில் 1923இற் பிறந்த வால்ட்டர் கோன், போர் மூளுமுன் 1939இல் யூதக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற இரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பெற்றோர் வெளியேற முடியவில்லை. அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். புகலிடம் தந்த நாடோ, எதிரி நாட்டிலிருந்து வந்தவர் என்று அவ்விளைஞரைச் சில காலம் காவலில் வைத்தது. பின்னர் அவர் கனடாவிலும் அமெரிக்காவிலும் கற்று, 1998இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டவர் பலர் உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரிற் பிறந்த பாடகர் லியனார்டு கோஹன், ஆரோனின் வழித்தோன்றல் என்று இளமையிலேயே சொல்லி வளர்க்கப்பட்டவர். 2009 செப்டம்பரில், தம் 75ஆம் வயதில், டெல் அவீவை அடுத்த ராமத் கான் விளையாட்டரங்கில் பல்லாயிரவர் முன்னே அவர் பாடினார். பாட்டெல்லாம் முடிந்தபின், ஆலயம் எரிந்து ஏறத்தாழ 1,940 ஆண்டுகள் கழிந்துவிட்ட அந்நிலையில், குருமாருக்குரிய பழைய ஆசியை எபிரேய மொழியில் கூறிவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.