ஈரம் ஏறும் தரைக்கு எந்தக் கல்?

கடந்த ஐப்பசியில் மதுரை கே.கே. நகரில் குடும்பங்களைச் சந்தித்து வருகையில் பழைய இல்லம் ஒன்றினுள் நுழைந்தோம். வீதியிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே செல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியபோது மூன்று படி ஏறிச் சென்றார்களாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மீதே புதுத் தார் போட்டுப் போட்டு வீதி உயர்ந்தது, வீடு பள்ளமாயிற்று.

முன்னறையில் பாய் விரித்துப் படுப்பவர் அவ்வீட்டுப் பாட்டியார். இளைப்பு நோயாளி. பாயைச் சுருட்டிக் காட்டினார். அடிப்புறம் முழுவதும் கரும்பூசணம். “ஆறு மாசத்துக்கு ஒரு பாய் வாங்குறோம் சாமி” என்றார். மகனார், பணி ஓய்வில் கிடைத்த தொகையில் தரையைப் புதுப்பிக்க எண்ணி, ஐந்தாறு மாதிரிக் கற்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். “எதைப் பதிக்கலாம் சுவாமி?” என்று கேட்டார்.

நாமும் இதில் ஒருமுறை ஏமாந்தவர்களே. முன்பிருந்த பங்கின் தாழ்ந்த அறையொன்றில், விலை மலிவு என்று வினைல் விரிப்பை ஒட்டினோம். ஒரே மழைக்காலத்தில் பசை விட்டுக் கொப்புளங்கள் எழும்பின. கீழ்த்தட்டில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடுகளின் ஓரம் பழுப்பேறியது. ஆகவே கல்லின் நிறத்தைப் பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம்.

மேல்நாட்டில் ‘பேஸ்மெண்ட்’ என்றால் நிலத்துக்குக் கீழுள்ள அறை. நம் கொத்தனார்களோ அச்சொல்லைப் ‘பேஸ்மட்டம்’ ஆக்கி, நிலத்துக்கு மேல் எழுப்பும் மேடைக்குச் சூட்டிவிட்டார்கள். ஈரத்துக்கு அஞ்சியே அம்மேடை எழுப்பப்பட்டது. இன்று உயரும் வீதிகள் நம் பேஸ்மட்டத்தை மேல்நாட்டுப் பொருளுக்கே இழுத்துச் செல்கின்றன!

கே.கே. நகருக்கு அருகில் வண்டியூர்க் கண்மாய். சுற்றிலும் உலகனேரி, மேலமடை என ஊர்ப்பெயர்களே ஏரியையும் மடையையும் சொல்கின்றன. இத்தகைய தாழ்நிலத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நுண்துளைகள் வழியே அது தரைக்கும் சுவருக்கும் ஏறுகிறது. ஏறும்போது உப்பையும் சுமந்து வருகிறது. நீர் உலர்ந்தபின் வெண்மையாகப் பூப்பது அந்த உப்பே. உடைந்த குழாயினாலும் ஈரம் வரலாம். அடைமழை நாளில் குளிர்ந்த தரைமீது காற்றின் ஈரமே வியர்வைபோல் படிவதும் உண்டு.

எது காரணம் என்று கண்டறியச் செலவில்லாத வழி உண்டு. இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேலே மட்டும் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இதைக் கார்த்திகையில் செய்து பார்க்க வேண்டும். சித்திரையில் எல்லாத் தரையும் உலர்ந்ததே. தரை வேலையை நாம் பேசி முடிப்பதும் பெரும்பாலும் சித்திரையில்தான்.

இனி, சுவரோரம் நின்ற மாதிரிகள். மரப்பலகை போன்ற லேமினேட் அழகுதான். ஆனால் ஈரத்தில் ஊதி, விளிம்பு தூக்கிவிடும். வெள்ளைச் சலவைக்கல் ஈரத்தை உறிஞ்சி மஞ்சள் படியும். ஆத்தங்குடிக் கல்லின்மீது நமக்குத் தனி மோகம் உண்டு. எனினும் அது சூளையில் சுடப்பட்டதன்று. கண்ணாடிமீது வார்த்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் சிமெண்ட் கல். அடியில் தடுப்பின்றிப் பதித்தால், உப்பு பூத்து அதன் வண்ணத்தைக் கெடுக்கும். காவித் தரைக்கும் இதே கதிதான். விட்ரிஃபைடு ஓடு தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஓடு கெடாது, ஆனால் வழி அடைபட்ட ஈரம் இணைப்புகளிலும் சுவரிலும் ஏறும். கடப்பைக்கல் ஈரத்தில் எளிதில் கெடுவதில்லை, விலையும் தாழ்வு. கறுப்பு நிறம் வீட்டை இருட்டாக்கும் என்று மருமகள் முகம் சுளித்தார். அவர் சொல்வதும் உண்மையே.

எந்தக் கல்லாயினும் பயன் தருவது அதன் அடியில் உள்ளதே. பழைய தரையை அகற்றி ஆழப்படுத்தி, மண் கலவாத 40 மில்லிமீட்டர் ஜல்லியை அரையடி நிரப்ப வேண்டும். அதன் பெரிய இடைவெளிகளைத் தாண்டி நீர் திரிபோல் ஏற இயலாது. ஜல்லியின் முனைகள் கிழிக்காதபடி மேலே மெல்லிய கலவை பூசி, 250 மைக்ரான் பாலிதீன் தாளை இணைப்புகளில் அரையடி மேற்படிய விரித்து, சுவரோரம் மடித்து ஏற்ற வேண்டும். பின்னரே கான்கிரீட், அதன்மேல் கல். தாளில் ஓர் ஓட்டை விழுந்தாலும் ஈரம் அங்கே கூடும். வேலை நடக்கையில் வீட்டார் ஒருவர் உடனிருத்தல் நலம். உப்பேறிய சுவர்ப்பூச்சையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு இடலாம், சுவர் மூச்சுவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இளைப்பும் பிற சுவாச நோய்களும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. வீதிகளைப் பொறுத்தவரை, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் இட வேண்டும் என 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆணையிட்டார். தங்கள் வீதியில் வேலை தொடங்கும் நாளில் அதை நினைவூட்டக் குடும்பத்தார் தயங்க வேண்டியதில்லை.

கார்த்திகையில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். மூன்று இடங்களில் தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்றின் அடியிலும் ஈரம். குளியலறைப் பக்கத்துத் தாளிலோ நீர் முத்து முத்தாய்த் தொங்கியது. அங்கே தோண்டியபோது கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருக்கக் கண்டார்கள். அதைச் சரிசெய்தாயிற்று. தரையைக் கோடையில் பெயர்த்து, ஜல்லியும் தாளும் இட்டுக் கடப்பைக்கல் பதிப்பது என்று தீர்மானம். மருமகளுக்காகச் சுவருக்கு வெள்ளை. பாட்டியார் இப்போதைக்குக் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார். பழக்கமில்லாததால் தூக்கம் வரவில்லை என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.